சொல்லத் தெரியாத வயது: மழலையர் ஆசிரியர்களின் தொழில்நெறி குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மழலையர் பள்ளி ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் பயிற்சி வகுப்பு எடுக்கும்போது, முதல் நாள் காலையில் ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுப்பேன். பெயர் எழுத வேண்டாம், வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிற கேள்வியை எழுதி இந்த பிஸ்கட் டப்பாவில் போடுங்கள் என்பேன். ஊர் மாறினாலும் சீட்டுகளில் இருக்கும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. திரும்பத் திரும்ப வந்தவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்களில் சட்டம் பேசும்; சிலவற்றில் என் பிடிவாதம் பேசும். எது எது என்று படிப்பவருக்கே தெரியும்.

பாப்பாக்களுக்குப் பாட்டும் எழுத்தும் சொல்லித்தர, தனியாக ஒரு தொழில்நெறி எதற்கு?

பத்தாம் வகுப்புப் பையனை ஆசிரியர் அநியாயமாகத் திட்டினால் அவன் வீட்டில் சொல்வான், நண்பனிடம் புலம்புவான், குறைந்தபட்சம் மேசையில் கிறுக்கியாவது வைப்பான். இரண்டரை வயதுக் குழந்தைக்கு அதெல்லாம் முடியாது. ஈர ஜட்டியோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்ததா, அழுது அழுது ஓய்ந்து தூங்கியதா, டிபன் பாக்ஸில் இருந்ததைக் குழந்தை சாப்பிட்டதா ஆயா குப்பையில் கொட்டினாரா என்பதெல்லாம் மாலையில் கூட்டிப்போக வரும் அம்மாவுக்கு நாம் சொன்னால்தான் உண்டு. "இன்றைக்குச் சமர்த்தாக இருந்தான்" என்று நாம் சொல்வது பொய்யாக இருந்தாலும் கண்டுபிடிக்க ஆள் கிடையாது. இந்த வேலையில் நெறி என்று ஒன்று தேவைப்படுவது முக்கியமாக அதனால்தான்.

மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் பெயரைப் பதிவு செய்யவும், தவறினால் நீக்கவும் மன்றங்கள் இருக்கின்றன. நம் நாட்டில் மழலையர் ஆசிரியருக்கு அப்படி எதுவும் இல்லை. அமெரிக்காவில் இளங்குழந்தைகள் கல்விக்கான தேசியச் சங்கம் 1989இல் ஒரு நெறித் தொகுப்பை ஏற்றுக்கொண்டது; பின்னர் சில முறை திருத்தியது. குழந்தை, குடும்பம், உடன் பணிபுரிவோர், சமூகம் என்று நான்கு தரப்புக்கும் நாம் பட்ட கடமைகளை அது வரிசைப்படுத்துகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகக் குழந்தைக்குத் தீங்கு செய்யக் கூடாது என்பதே அதன் முதல் விதி. மற்ற எந்த விதியோடு மோதினாலும் இதற்கே முதலிடம் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். அங்குள்ள எல்லாமே நமக்குப் பொருந்தாது. இந்த ஒரு வரி பொருந்தும்.

நான் அங்கன்வாடிப் பணியாளர். எனக்குச் சம்பளம்கூடக் கிடையாது, மதிப்பூதியம்தான். எனக்கும் தொழில்நெறி உண்டா?

இந்தச் சீட்டை எழுதியவரின் கோபம் நியாயமானது. 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தில் இன்று தமிழ்நாட்டில் மட்டும் ஏறக்குறைய 54,000 மையங்கள் இருக்கின்றன. அவற்றைத் தாங்கும் பெண்களை இன்னமும் "சேவை செய்பவர்கள்" என்றே அழைக்கிறார்கள். 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை பெறும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அதை உங்கள் சங்கக் கூட்டத்தில் உரக்கச் சொல்லுங்கள்.

ஆனால் மதிப்பூதியம் குறைவு என்பது அரசுக்கும் உங்களுக்கும் இடையே உள்ள வழக்கு. குழந்தை அதில் எதிர்த்தரப்பு இல்லை. எடை போடாமலே பதிவேட்டில் எடை எழுதும் வழக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தராசு பழுது, குழந்தை அன்று வரவில்லை, மேலதிகாரி நாளைக்கே விவரம் கேட்கிறார். போன மாதத்து எண்ணோடு இருநூறு கிராம் கூட்டி எழுதிவிடுகிறோம். அப்படி எழுதப்பட்ட குழந்தை நிஜத்தில் எடை குறைந்துகொண்டிருந்தால், காகிதத்தில் அது நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும். மருத்துவரிடம் அனுப்ப வேண்டிய குழந்தை பட்டியலிலேயே வராது. "எடை எடுக்கவில்லை, தராசு பழுது" என்று எழுதினால் திட்டு விழும் என்பது எனக்குத் தெரியும். அந்தத் திட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

பெற்றோரே "அடித்துத் திருத்துங்கள்" என்று சொன்னால்?

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள் மிஸ்" என்று சிரித்துக்கொண்டே சொல்லும் தாத்தாக்கள் இன்றும் வருகிறார்கள். அடியாத மாடு படியாது என்று பழமொழியும் துணைக்கு வரும். மாட்டையே அப்படிப் பழக்கக் கூடாது என்கிற காலம் இது.

சட்டத்தில் ஒரு குழப்பம் உண்டு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ளவர்களுக்கானது. இதை வைத்துக்கொண்டு, "ஆறு வயதுக்குக் கீழே தடை இல்லையே" என்று என்னிடம் வாதாடிய ஒரு தாளாளரைச் சந்தித்திருக்கிறேன். அவருக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆவது பிரிவு 18 வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். பொறுப்பில் இருக்கும் குழந்தையைத் தாக்கினாலோ, துன்புறுத்தினாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு வேதனைக்கு ஆளாக்கினாலோ மூன்று ஆண்டு வரை சிறை. குழந்தையின் பராமரிப்பும் பாதுகாப்பும் ஒப்படைக்கப்பட்ட ஒரு நிறுவனத்தில் பணிபுரிபவரோ அதை நடத்துபவரோ செய்தால் ஐந்து ஆண்டு வரை கடுங்காவல், ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். பெற்றோர் கொடுத்த அனுமதி இதில் எதையும் குறைத்துவிடாது.

பிரம்பு போய்விட்டது என்பதால் நாம் நல்லவர்களாகிவிடவில்லை. பூச்சாண்டி வருவான், இருட்டறையில் போட்டுவிடுவேன், போலீஸிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன், உன் அம்மா இனி வரவே மாட்டாள் என்பதெல்லாம் வகுப்பறைகளில் தினமும் கேட்கிற பேச்சு. கடைசியில் சொன்னது எல்லாவற்றிலும் மோசம். அம்மா வருவாள் என்ற நம்பிக்கை ஒன்றுதான் அந்தக் குழந்தையை மாலை வரை தாங்குகிறது. கால்சட்டையை நனைத்த பிள்ளையை மற்றவர்கள் முன்னால் "ஷேம் ஷேம்" என்று பாடவிடுவதும் இதே கணக்கில்தான் சேரும். பல இடங்களில் அதை ஒரு பாட்டாகவே சொல்லிக்கொடுக்கிறோம்.

"மதியம் தூங்க விடாதீர்கள், இரவு பன்னிரண்டு வரை விழித்திருக்கிறான்" என்கிறார் அம்மா. குழந்தையோ பன்னிரண்டரைக்கே தள்ளாடுகிறான். யார் பேச்சைக் கேட்பது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. இதில் கெட்டவர் யாரும் இல்லை. அமெரிக்காவில் மழலையர் ஆசிரியர்களுக்கான நெறித் தொகுப்பு உருவாகிக்கொண்டிருந்த 1980களில், ஆசிரியர்கள் கூடிப் பேசிய சிக்கல்களில் ஏறக்குறைய இதே கதை ஒன்று இருந்தது. மதியத் தூக்கம் எந்த ஊரிலும் மதியத் தூக்கம்தான் போலிருக்கிறது.

அந்த அம்மா அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து பஸ் பிடிப்பவராக இருக்கலாம். தூக்கமில்லாத தாய் மறுநாள் அந்தக் குழந்தையிடம்தான் எரிந்து விழுவாள். ஆக, அவர் கேட்பதும் சுற்றிவளைத்துக் குழந்தையின் நலனுக்குத்தான் வருகிறது. இன்னொரு பக்கம், சொக்கி விழும் மூன்று வயதுக் குழந்தையின் முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பி உட்காரவைப்பது தீங்கு. நான் அதைச் செய்ய மாட்டேன், செய்யவும் சொல்ல மாட்டேன்.

"எங்கள் பள்ளி விதி இது" என்று முகத்தில் அடித்தாற்போல் முடித்துவிடாதீர்கள். "சரிங்கம்மா" என்று தலையாட்டிவிட்டுத் தூங்கவைத்துவிட்டு, மாலையில் "தூங்கவே இல்லை" என்று சொல்வது அதைவிட மோசம். என் வகுப்பில் இரண்டு வாரம் எழுதிப் பார்த்தோம்: எத்தனை மணிக்குத் தூங்கினான், எப்போது எழுந்தான், வீட்டில் இரவு எப்போது கண்ணயர்ந்தான். ஒன்றரை மணி நேரத் தூக்கத்தை முக்கால் மணி நேரமாகக் குறைத்து, கொஞ்சம் முன்னதாகவே படுக்கவைத்தோம். இரவு பத்தரைக்குத் தூங்க ஆரம்பித்தான். வீட்டில் ஒன்பதரை வரை தொலைக்காட்சி ஓடுகிறது என்பதும் அந்த இரண்டு வாரத்தில் தானாக வெளியே வந்தது. நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, அவர்களே அணைத்துவிட்டார்கள்.

குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாமா? கழிவறைக்குக் கூட்டிப்போகப் பயமாக இருக்கிறது.

அழும் குழந்தையைத் தூக்காத இடம் மழலையர் பள்ளியே இல்லை. குழந்தை கேட்கும் அணைப்பைக் கொடுங்கள். நமக்குப் பாசம் பொங்குகிறது என்பதற்காக, நெளிந்து விலகும் குழந்தையைப் பிடித்து முத்தம் கேட்காதீர்கள். கழுவிவிடும்போதும் டயப்பர் மாற்றும்போதும் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "இப்போது தண்ணீர் ஊற்றப்போகிறேன்." ஆறு மாதக் குழந்தையிடமும் சொல்லலாம். அறைக் கதவு தாழிடாமல் இருக்கட்டும். அந்த நேரத்தில் இன்னொரு பெரியவர் அருகில் இருப்பது குழந்தைக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. கண்காணிப்பு கேமரா கழிவறையிலும் உடை மாற்றும் இடத்திலும் கூடவே கூடாது.

குழந்தையின் உடலில் காயம் பார்த்தேன். நடத்தையும் மாறியிருக்கிறது. ஒருவேளை என் சந்தேகம் தவறாக இருந்தால்?

நிதானமாகப் படியுங்கள். மற்றக் கேள்விகளில் நான் தவறாகச் சொல்லியிருந்தாலும் பெரிய நஷ்டமில்லை.

பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரியவந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ, காவல் துறையிடமோ சிறார்களுக்கான சிறப்புக் காவல் பிரிவிடமோ தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டத்தின் 19ஆவது பிரிவு. இது ஆசிரியருக்கு மட்டுமல்ல, எல்லோருக்கும் உள்ள கடமை. தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தனக்குக் கீழே பணிபுரிபவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்டால் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது என்பதும் அதே 19ஆவது பிரிவில் இருக்கிறது. சந்தேகத்தை நிரூபிப்பது உங்கள் வேலை இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் அழைக்கலாம்.

செய்யக் கூடாதவை சில உண்டு. குழந்தையைத் துருவித் துருவிக் கேட்காதீர்கள். "மாமா இங்கே தொட்டாரா?" என்று கேட்டால் நான்கு வயதுக் குழந்தை உங்களைத் திருப்திப்படுத்தவாவது தலையாட்டிவிடும், பின்னால் அதுவே வழக்கைக் கெடுக்கும். குழந்தை தானாகச் சொன்னதை, அதே மழலைச் சொற்களில், தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள்; கொடுத்தால் அதை மீற வேண்டிவரும். "என்னிடம் சொன்னது நல்லது" என்பது போதும். சந்தேகத்துக்குரியவரிடமே போய் விசாரிப்பதோ, ஓய்வறையில் மற்ற மிஸ்களிடம் பேசுவதோ கூடாது.

காவல் நிலையத்தை நினைத்து நடுங்குபவர்களுக்கு ஒரு தகவல். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ, இயன்றவரை பெண் அதிகாரி ஒருவர், சீருடை இல்லாமல் வந்து பதிவு செய்ய வேண்டும். இதுவும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

"முதலில் நிர்வாகத்திடம் சொல்கிறேன், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்பார்கள். சொல்லுங்கள். ஆனால் நிர்வாகத்திடம் சொல்லிவிட்டதால் உங்கள் கடமை தீர்ந்துவிடாது. பல வருடங்களுக்கு முன் நான் ஒரு பள்ளியில் அப்படித்தான் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். நிர்வாகம் "பார்த்துக்கொண்டது", அந்தக் குழந்தை வேறு பள்ளிக்குப் போய்விட்டது. அதன் பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

வகுப்புப் படங்களை வாட்ஸ்அப் நிலையில் வைக்கலாமா?

வைக்கக் கூடாது. பெற்றோர் குழுவில் போடுவதற்கும் எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும். சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் வாங்கும் ஒப்புதலை நான் கணக்கில் சேர்ப்பதில்லை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. இதில் சட்டத்தைவிடச் சுலபமான ஒரு சோதனை உண்டு. குளித்துக்கொண்டோ, அழுதுகொண்டோ, பாதி உடையிலோ உங்களை யாராவது படமெடுத்து ஊருக்கு அனுப்பினால் எப்படியிருக்கும்?

அப்பாவும் அம்மாவும் பிரிந்துவிட்டார்கள். இருவரும் என்னிடம் விவரம் கேட்கிறார்கள்.

யார் கூட்டிப்போகலாம் என்பதை முடிவு செய்வது நீதிமன்றம். நீங்களோ தலைமையாசிரியரோ இல்லை. உத்தரவு இருந்தால் நகல் வாங்கிக் கோப்பில் வையுங்கள், அதன்படி நடங்கள். குழந்தை எப்படி இருக்கிறது என்பதை இருவரிடமும் ஒரே மாதிரி சொல்லுங்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுபோகாதீர்கள். "நேற்று அப்பா வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டுச் சொல்லுங்களேன்" என்று கேட்பவருக்கு, முடியாது என்று தயங்காமல் சொல்லலாம்.

மூன்று வயதில் எழுதவைக்காவிட்டால் பெற்றோர் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்கள். நாங்கள் என்ன செய்வது?

மணிக்கட்டில் உள்ள எலும்புகளில் பல அந்த வயதில் இன்னும் குருத்தெலும்பாகவே இருக்கின்றன. அந்தக் கையில் பென்சிலைத் திணித்து நான்கு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பது எதற்கும் உதவாது என்று நமக்குத் தெரியும். தெரிந்தும் செய்கிறோம், அட்மிஷன் குறைந்துவிடும் என்பதால். ஒரு மருத்துவர், நோயாளி கேட்டார் என்பதற்காகத் தேவையில்லாத ஊசியைப் போடுவது போன்றதுதான் இது. (அதுவும் நம் ஊரில் நடக்கிறது என்பது வேறு கதை.)

இத்தனைக்கும், மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து பயிற்சி அளித்தவர். போர்க்காலத்தில் ஐரோப்பா திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவில் இருந்தவர். கை விரல்கள் முதலில் தானியம் பொறுக்கவும் பொத்தான் போடவும் தண்ணீர் ஊற்றவும் பழகட்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்த மண் இது. இன்று அவர் பெயரைப் பலகையில் போட்டுக்கொண்டு உள்ளே வீட்டுப்பாடம் கொடுக்கிறார்கள். பலகையில் ஒன்று, வகுப்பில் ஒன்று என்றால் அதுவும் ஏமாற்றுதான்.

ஆசிரியராக நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வருடத் தொடக்கத்தில் பெற்றோரை ஒரு மணி நேரம் தரையில் உட்காரவைத்து, பிள்ளைகள் செய்வதைச் செய்யச் சொல்லுங்கள்: புளியங்கொட்டை எண்ணுவது, மணலில் விரலால் வரைவது, கோலப்புள்ளி வைப்பது. விளக்கவுரையைவிட அது வேலை செய்கிறது. எல்லோரிடமும் இல்லை, நான்கைந்து பேர் போகத்தான் செய்வார்கள்.

ஒரு குழந்தைக்கு ஆட்டிசம் இருக்கிறது என்று நினைக்கிறேன். சொல்லலாமா?

அந்தச் சொல்லைச் சொல்லாதீர்கள். பெயர் சூட்டுவது மருத்துவர் வேலை. பார்த்ததைச் சொல்லுங்கள்: "பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பெரும்பாலும் திரும்புவதில்லை, மூன்று வாரமாகக் கவனித்தேன்." சொல்லாமல் மறைப்பதும் தவறு. "போகப்போகச் சரியாகிவிடும்" என்று ஆறுதல் சொல்லி ஒரு வருடத்தை வீணாக்கியவர்களில் நானும் ஒருத்தி. மாவட்ட அளவில் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் கட்டணமில்லாமல் பரிசோதிக்கிறார்கள், அங்கே கைகாட்டிவிடுங்கள். மற்றப் பெற்றோர் வந்து, "அந்தப் பையனை வேறு வகுப்புக்கு மாற்றுங்கள்" என்றால், அவர்களிடம் அவனைப் பற்றி எதுவும் பேசக் கூடாது. அவர்கள் பிள்ளையைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

வீட்டில் முட்டை சாப்பிடாத குழந்தை, மையத்தில் முட்டை கேட்கிறது.

குடும்பத்தின் வழக்கத்தை மதியுங்கள், கொடுக்காதீர்கள். ஆனால் குழந்தை கேட்டது என்பதை அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். அவர் என்ன முடிவெடுத்தாலும் அது அவர் பாடு.

சமைப்பவரின் சாதியைச் சொல்லி, "அங்கே சாப்பிடவைக்காதீர்கள்" என்றால் அது வழக்கம் இல்லை, தீண்டாமை. திருப்பூர் மாவட்டத்தில் 2018இல் ஒரு சத்துணவுச் சமையலரை இதே காரணத்துக்காகத் தடுத்த சம்பவம் வழக்கு வரை போனது. அந்தக் கோரிக்கைக்கு இணங்கக் கூடாது. "தனித் தட்டு", "கடைசி வரிசை" என்று நாமாகச் சமரசம் கண்டுபிடிக்கவும் கூடாது. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதைப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது பாடத்தில் இல்லை, இந்த மாதிரிப் பந்தியில்தான்.

நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கு நான் ஒருத்தி. பின்பக்கக் கதவு எப்போதும் பூட்டியிருக்கிறது. கேட்டால் வேலை போய்விடும்.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். கூரை ஓலை, வழி குறுகல். அங்கே வேலை பார்த்தவர்கள் தினமும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்கள்.

வாயால் கேட்காதீர்கள், எழுதிக் கொடுங்கள், தேதியோடு. தனியாகக் கொடுக்காமல் நான்கு பேராகக் கையெழுத்திடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும். நிர்வாகம் அசையாவிட்டால் கல்வித் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் போகலாம். இதனால் வேலை போகாது என்று நான் உறுதி தர முடியாது; சிலருக்குப் போயிருக்கிறது. இதை எழுத எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, மாதச் சம்பளத்தை நம்பியிருக்கும் உங்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும். கதவின் சாவியை மட்டுமாவது இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.

தீபாவளிக்குப் புடவை கொடுத்தால் வாங்கலாமா?

பிள்ளை வரைந்த படத்தை வாங்கலாம், வீட்டில் செய்த முறுக்கை வாங்கி எல்லோருக்கும் பகிரலாம். புடவை வேண்டாம். கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளையும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறது.

வருட நடுவில் வேலையை விடுகிறேன். பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம், அழுவார்கள் என்கிறார் தலைமையாசிரியர்.

அழட்டும். திங்கட்கிழமை மிஸ் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை, ஏன் என்று யாரும் சொல்லவில்லை என்றால், தான் செய்த குறும்பால்தான் மிஸ் போய்விட்டார் என்று நினைக்கிற வயது அது. ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள். சுவரில் ஐந்து கட்டம் வரைந்து, தினமும் ஒன்றை அவர்களையே வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். புது மிஸ்ஸை இரண்டு நாளாவது உங்களோடு வகுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். யாருக்குச் சாப்பாட்டைப் பிசைந்து கொடுக்க வேண்டும், யார் தூங்கும்போது தன் துண்டின் நுனியைப் பிடித்துக்கொள்வாள், யாரைக் கழிவறைக்கு நினைவூட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி அவர் கையில் கொடுங்கள். "திரும்பி வருவீர்களா?" என்று கேட்பார்கள். வரப்போவதில்லை என்றால், "வரமாட்டேன்டா கண்ணு" என்று சொல்லிவிடுங்கள்.